பதினாறு முறை அழுத்திய பொத்தான்

வில்லோ பெண்ட், நெப்ராஸ்கா
அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மைத்துனர் மைலோவுக்கு,

வணக்கம். கடிதம் நீளமாகப் போகும். அதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முப்பத்தோரு வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வடிவியலும் லத்தீனும் கற்பித்தவன் நான். எதையும் எண் போட்டுச் சொல்லாவிட்டால் நான் சொல்வதில் எனக்கே நம்பிக்கை வராது. ஆகவே சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நலம்.
2. நீங்கள் உங்கள் அக்காவுக்குக் கொடுத்த ரேடார் மோப்பக் கருவி நல்ல கருவிதான் என்பது.
3. அதன் சத்தத்தை அடக்கும் பெட்டியை உங்களிடம் நான் ஏன் கேட்டு வாங்கினேன் என்பது.
4. செப்டம்பர் நான்காம் தேதி, வியாழக்கிழமை மாலை, காரேஜில் நான் செய்த காரியமும், அதனால்தான் ரோசலி பிடிபட்டாள் என்பதும்.
5. ரோசலி ஐந்து வாரமாக உங்களோடு பேசாமலிருப்பதற்கு நீங்கள் காரணமல்ல, நான்தான் என்பது.
6. அக்டோபர் இருபத்தாறு.

இனி முதல் குறிப்பு. இங்கே நாங்கள் இருவரும் நலம். அறுவை செய்த என் வலது கண் நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணுக்கு அதைப் பார்த்துப் பொறாமை. ரோசலிக்கு முழங்கால் வலி இடையிடையே வருகிறது, லைசன்ஸ் போன வலி எந்நேரமும் இருக்கிறது. இப்போது வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதைச் சகித்துக்கொள்கிறாள். நேற்றுத் தபால் நிலையத்திலிருந்து திரும்பும்போது எங்களை ஒரு டிராக்டர் முந்திக்கொண்டு போயிற்று. "ஆர்லோ, நம்மள இப்ப முந்திட்டுப் போனவன் பின்னாடி வைக்கோல் கட்டு இழுத்துட்டுப் போறான், பாத்தியா?" என்றாள். பார்த்தேன் என்றேன். "அவனுக்குக் கை காட்டு. மரியாதைக்காவது காட்டு" என்றாள். காட்டினேன்.

நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆகஸ்டில் ஏதோ பரிசோதனைக்கு டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். என்ன ஆயிற்று என்று ரோசலியைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கான், நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கப் போய்விட்டாள். எனக்குத் திருப்தியில்லை. நீங்களே எழுதுங்கள்.

இரண்டாவது. மூன்று வருடத்துக்கு முன் ரோசலியின் எழுபத்தோராவது பிறந்த நாளுக்கு நீங்கள் சலைனாவிலிருந்து அனுப்பிய கருவியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, எதிரே எங்காவது போலீஸ்காரர் வேகம் அளந்துகொண்டு நின்றால் அரை மைலுக்கு முன்பே கீச்சென்று கத்திவிடும். எதுவும் நடப்பதற்கு முன்பே கத்துவதால் ரோசலி அதற்கு என் அம்மாவின் பெயரை வைத்தாள். ஹில்டா. நான் ஆட்சேபிக்கவில்லை, அம்மாவும் கிட்டத்தட்ட அந்தச் சுருதியில்தான் பேசுவார். ஹில்டா வந்த பிறகு எங்கள் பயணங்களில் ஓர் ஒழுங்கு வந்தது. ஹில்டா கத்தும், நான் துள்ளி எழுந்து கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிப்பேன், ரோசலி வேகத்தைக் குறைப்பாள். மூன்று வருடத்தில் இந்த வரிசை ஒருமுறைகூட மாறியதில்லை. ரோசலி இதற்கு முன் இரண்டு தடவை பிடிபட்டிருக்கிறாள், உண்மை. ஒன்று எனக்குப் பல் பிடுங்கிய அன்று, இன்னொன்று எனக்குக் கண் அறுவை நடந்த வாரம். இரண்டு தடவையும் "என் கவனம் அங்க இல்ல" என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஹில்டாவைக் குறை சொல்லவில்லை, உங்களையும் சொல்லவில்லை. அதைப் பதிவு செய்கிறேன்.

மூன்றாவது குறிப்புக்கு வருகிறேன். ஹில்டாவுக்கு ஒரே ஒரு குறை உண்டு. அதுவும் என் அம்மாவுக்கு இருந்ததுதான். போலீஸ் ரேடாருக்கும் கடைக்கதவுக்கும் வித்தியாசம் தெரியாது. நம் ஊர் மருந்துக்கடையின் தானாகத் திறக்கும் கதவு, வங்கியின் கதவு, பக்கத்தில் வண்டி வந்தால் விளக்குப் போட்டுக் காட்டும் புதுக் கார்கள், எல்லாவற்றிலிருந்தும் ஏதோ அலை வருகிறதாம். எல்லாவற்றையும் பார்த்துக் கத்தும். கடைவீதியில் பத்து மைல் வேகத்தில் போகும்போது என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது? ஆனாலும் ஹில்டா கத்தும், நான் துள்ளுவேன், ரோசலி குறைப்பாள், பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார். இப்படியே இரண்டரை வருடம் பொறுத்துக்கொண்டேன். இந்த மார்ச்சில் எல்டன் ப்ரூஹா இறந்துபோனார். உங்களுக்கும் தெரியுமே, விதைக்கடை எல்டன். ஊர்வலத்தில் சவ வண்டிக்கு அடுத்தது குடும்பத்தார் வண்டி, அதற்கு அடுத்தது நாங்கள். மருந்துக்கடைக்கு நேராக வந்ததும் ஹில்டா ஆரம்பித்தது. கதவருகே யாரோ நின்று பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும், கதவு மூடித் திறந்து மூடித் திறந்து, ஒரு முழு நிமிடம் நிற்கவே இல்லை. முன் வண்டியின் பின் கண்ணாடியில் எல்டனின் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் முகம் தெரிந்தது. நடைபாதையில் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தவர்கள் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். நான் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தேன். ரோசலி மட்டும் தலை நிமிர்ந்து, வேறு யாருடைய வண்டியோ என்பதுபோல ஓட்டினாள். "எல்லாரும் எதுக்கு நம்மளயே பாக்குறாங்க? என் தொப்பி சரியா இருக்கா?" என்று கேட்டாள். அந்த நிலைமையிலும் வேடிக்கை பேச ஒரு மனோதைரியம் வேண்டும். நான் அவளை வியந்தேன்.

அன்றிரவே உங்களுக்கு எழுதினேன், ஞாபகமிருக்கும். ஏப்ரலில் நீங்கள் அந்தச் சின்னப் பெட்டியை அனுப்பினீர்கள், "இது ஹில்டாவுக்கு வாய்ப்பூட்டு" என்று ஒரு சீட்டோடு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கம்பி சொருகிச் சோதனை பார்க்கிற துளையில் அதை மாட்டினால், வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறதென்று அது வண்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். நாம் சொல்லி வைக்கிற வேகத்துக்குக் கீழே ஹில்டா வாய் திறக்காது. அதற்கு மேலே போனால்தான் கத்தும். மாட்டுவதற்கு முன் ரோசலியிடம் அனுமதி கேட்டேன். "இந்தச் சத்தம் உனக்குத் தொந்தரவா இல்லியா?" "எனக்கென்ன தொந்தரவு? உனக்கு வேணும்னா மாட்டிக்கோ." அவளுடைய நரம்புகள் அப்படி. சமையலறையில் அடுப்பின் மணி ஐந்து நிமிடம் அடித்தாலும் அவள் அசையமாட்டாள். நான்தான் தோட்டத்திலிருந்து ஓடி வருவேன்.

பெட்டியில் எண் காட்டும் திரை கிடையாது. ஒரு பொத்தான், ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். விளக்கு அணையும் வரை பொத்தானைப் பிடித்தால் பழைய கணக்கு அழிந்துவிடும். பிறகு ஒருமுறை அழுத்தினால் ஐந்து மைல், இரண்டு முறை அழுத்தினால் பத்து. நான் ஏழு முறை அழுத்தினேன். முப்பத்தைந்து. அன்றிலிருந்து கடைவீதியில் அமைதி. ஊருக்குள் ஊமை, ஊருக்கு வெளியே உஷார். சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தாமல் இருந்தால்தான் பெரிய விஷயத்துக்குக் கத்தும்போது பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வகுப்பில் நான் கற்றுக்கொள்ள இருபது வருடம் ஆயிற்று; இந்தப் பெட்டிக்கு முதல் நாளே தெரிந்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது குறிப்பை எழுதுவதற்காக ஒரு கோப்பைக் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். அது ஆறிவிட்டது. எழுதுகிறேன்.

ஆகஸ்டு கடைசி ஞாயிறு, ஹேஸ்டிங்ஸிலிருந்து திரும்புகிறோம். முன்னால் ஓர் அறுவடை இயந்திரம் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்கிறது. ரோசலி முந்தினாள். எதிரே ஒரு தானிய லாரி வருகிறது. நான் வேகமானியைப் பார்க்கவில்லை, பிற்பாடு அவளே சொன்னாள், "தொண்ணூத்தி ரெண்டு, ஆர்லோ! இந்த வண்டிக்கு இன்னும் உசிரு இருக்கு!" லாரிக்காரர் முகத்தை நான் பார்த்தேன். சிவப்புத் தாடி. அவர் வாய் திறந்திருந்தது. இரண்டு பல் இல்லை என்பதுகூடத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். வீடு வந்து சேரும் வரை "கொஞ்சம் மெதுவாப் போ" என்ற வாக்கியத்தை மனத்துக்குள் எட்டு விதமாக அமைத்துப் பார்த்தேன். எதையும் சொல்லவில்லை. நாற்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்த வாக்கியத்தை இரண்டு தடவைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் அவள் "இறங்கி நடந்து வா" என்றாள், ஒரு தடவை நான் இறங்கினேன்.

வியாழக்கிழமை மாலை எனக்கு அந்த யோசனை வந்தது. பெட்டியின் வேகத்தை எண்பதுக்கு ஏற்றி வைத்தால்? எழுபத்தைந்தில் போகும்போது ஹில்டா வாய் திறக்காது. எதிரே ஆள் நிற்பது ரோசலிக்குத் தெரியாது. ஒரு தடவை பிடிபடுவாள், சின்னத் தப்பு, சின்ன அபராதம், பயந்துபோய் இனி மெதுவாகப் போவாள். நான் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இதுதான் அந்த யோசனையில் என்னை மயக்கிய பகுதி. கை விளக்கை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டீயரிங்குக்குக் கீழே படுத்தேன். பொத்தானைப் பிடித்து அழித்தேன். பிறகு எண்ணி எண்ணிப் பதினாறு முறை அழுத்தினேன். "ஆர்லோ, சூப் ஆறுது! அங்க என்ன பண்ற?" என்று ரோசலி கூப்பிட்டாள். விளக்கக் காகிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு போய் சூப் குடித்தேன். உருளைக்கிழங்கு சூப்.

மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை காலையில் மாதா கோயில் விற்பனைக்கு ரோசலி நடுவில் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போவாள், நாற்பத்திரண்டு மைல். நானும் எப்போதும் கூடப் போவேன், மடியில் தட்டை வைத்துக்கொண்டு. அன்று போகவில்லை. முதுகு பிடித்திருக்கிறது என்றேன். செய்துவைத்த காரியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர எனக்குத் தைரியம் இல்லை. ரோசலி தனியாகப் போனாள். தானியக் கிடங்குக்குப் பின்னால் டிரென்ட் வோபோரில் நின்றிருந்தான். என்னிடம் இரண்டு வருடம் வடிவியல் படித்தவன். விடை எப்போதும் சரியாக வரும், நிறுவல் எப்போதும் தப்பாக இருக்கும், பாதி மதிப்பெண் கொடுத்தால் சண்டைக்கு வருவான். இப்போது துணை ஷெரிப். நடந்ததை ரோசலி சொன்னபடி எழுதுகிறேன்.

"அம்மா, எவ்ளோ வேகத்துல வந்தீங்கன்னு தெரியுமா?"

"நீ சொல்லு, உன்கிட்டதான மிஷின் இருக்கு."

"எழுபத்தெட்டு. இங்க அறுபத்தஞ்சு."

"கொலாச்சி சூடா இருக்கு டிரென்ட். ஆறிப்போனா யாரு திம்பா? சீக்கிரம் எழுது."

அவன் எழுதினான். ஆப்ரிகாட் பழம் வைத்ததில் இரண்டு நீட்டினாளாம். வேலையில் இருக்கிறேன், வாங்கக் கூடாது என்றுவிட்டானாம். இரண்டு வருடத்துக்குள் மூன்றாவது தடவை. அபராதப் புள்ளிகள் நிறைந்து ஆறு மாதத்துக்கு லைசன்ஸ் போய்விட்டது. இது மூன்றாவதாக இருக்கும் என்பதை வியாழக்கிழமை மாலை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. கணக்கு வாத்தியார்.

வீட்டுக்கு வந்ததும் ஹில்டாவைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கி, ரப்பர் வளையமும் பிறந்த நாள் மெழுகுவர்த்தியும் கிடக்கும் இழுப்பறையில் போட்டாள். "எழுபத்தெட்டுல போறேன், மூச்சு விடல! அவன் அனுப்புன வாய்ப்பூட்டுதான் இதக் கொன்னுச்சு. மைலோ எதத் தொட்டாலும் இப்படித்தான். சின்ன வயசுல என் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டான், பிரேக் போச்சு." நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையால் வட்டம் போட்ட கை இது. தன் தப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் காரேஜுக்குப் போய் மறுபடி ஏழு முறை அழுத்தி முப்பத்தைந்துக்கு மாற்றிவைத்தேன். தடயத்தை அழித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது குறிப்பு இதிலேயே அடங்கிவிட்டது, ஆனாலும் தனியாகச் சொல்கிறேன். ஐம்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு நீங்கள் அவளைக் கூப்பிடுவீர்கள். இப்போதும் ஏழு மணிக்குப் போன் அடிக்கிறது. அடிப்பது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் எழுந்தால் "விடு, ஆர்லோ" என்பாள். பன்னிரண்டு தடவை அடித்து நிற்கும். நிற்கும் வரை அவள் ஜன்னல் வழியே தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோபக்காரியின் முகம் எனக்குத் தெரியும், மைலோ, அது அந்த முகமாக இல்லை. என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எப்படியானாலும் இந்தப் பிரிவு நான் பதினாறு தடவை அழுத்திச் செய்தது.

ஆறாவது. அக்டோபர் இருபத்தாறு, கடைசி ஞாயிறு, உங்கள் குசேரா குடும்பத்து வாத்து விருந்து இந்த வருடம் எங்கள் வீட்டில். ரோசலி நேற்றுத் தட்டுகளை இறக்கித் துடைத்தாள். பதினொன்று. "பன்னெண்டுதான வரும்?" என்றேன். "பதினொண்ணு" என்றாள். பன்னிரண்டாவதைத் துடைத்துத்தான் வைத்திருந்தாள், ஆனால் அலமாரியிலேயே. நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அதற்குள் நான் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். இக்கடிதம் உங்கள் கைக்கு வரும்போது சொல்லியிருப்பேன், அல்லது சொல்லும் கட்டத்தில் இருப்பேன். அதன் பிறகு பன்னிரண்டாவது தட்டில் நீங்களும் பதினொன்றாவதில் நானும் உட்கார்வோமா, நான் காரேஜில் சாப்பிடுவேனா என்பது அவள் முடிவு. எப்படியானாலும் உங்கள் மேல் தப்பில்லை.

உங்களுக்கும், உங்கள் மூன்று பூனைகளுக்கும், மழையில் கிளம்பாத உங்கள் பழைய லாரிக்கும் எல்லா நன்மையும் உண்டாகட்டும். இந்தக் குளிர்காலம் உங்கள் குழாய்களை உறைய வைக்காமல் கடந்து போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் மன்னிப்பையும் எதிர்பார்க்கும்
அக்காள் கணவன்
ஆர்லோ டீட்ஸ்

பின்குறிப்பு: சனிக்கிழமை மதியம்.

உறையை ஒட்டிவிட்டேன், பிரித்து எழுதுகிறேன். பெட்டியின் மாதிரி எண்ணையும் உங்களுக்கு எழுதினால் நான் சொன்னதை நீங்கள் சரிபார்க்கலாமே என்று காலையில் பழைய சட்டைப் பையிலிருந்து அந்த விளக்கக் காகிதத்தை எடுத்தேன். பின்பக்கம் திருப்பினேன். திருப்பியது இதுதான் முதல் தடவை. அங்கே இரண்டு வரி. அதிகபட்சம் நாற்பத்தைந்து மைல். அதற்கு மேல் அழுத்தினால் மறுபடி ஐந்திலிருந்து தொடங்கும்.

சமையலறை மேசையில் தாளை விரித்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது அழுத்தல், நாற்பத்தைந்து. பத்தாவது, ஐந்து. பதினாறாவது, முப்பத்தைந்து. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமை மாலை கை விளக்கைக் கவ்விக்கொண்டு நான் செய்த துரோகத்தால் அந்தப் பெட்டியில் ஒரு மைல்கூட மாறவில்லை. மறுநாள் எழுபத்தெட்டில் ஹில்டா கத்தியிருக்க வேண்டும்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அரை நிமிடம் இருந்தது. பிறகு, அப்படியானால் உண்மையில் கருவி கெட்டிருக்கிறது, தப்பு மைலோவுடையதுதான் என்று நினைத்தேன். அதற்கும் மன்னியுங்கள். சோதிக்காமல் எழுதக் கூடாதென்று ஹில்டாவை இழுப்பறையிலிருந்து எடுத்து மறுபடி ஒட்டினேன்.

"அந்தச் சனியன எதுக்கு மறுபடி மாட்டுற?" என்றாள் ரோசலி.

"சும்மா, ஒரு சோதனைக்கு. கூட வா."

சனிக்கிழமைகளில் லிங்கனுக்கு ஃபுட்பால் பார்க்கப் போகிற கூட்டத்துக்காக டிரென்ட் கிடங்குக்குப் பின்னால் நிற்பான். நான் ஐம்பது மைல் வேகத்தில் ஓட்டினேன். என் வாழ்நாளில் துணிந்து செய்த காரியங்களில் இதுவும் ஒன்று. கிடங்குக்கு அரை மைல் இருக்கும்போது ஹில்டா கத்தியது. வண்டி முழுக்க ஊசி குத்துவதுபோல் கத்தியது. நான் துள்ளவில்லை; கை இரண்டும் ஸ்டீயரிங்கில் இருந்தன, விட்டால் ரோட்டோரப் பள்ளத்துக்குள் போய்விடுவோம். ரோசலி சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிடங்குப் பக்கம் கை நீட்டினாள்.

"பாத்தியா? அதோ டிரென்ட் வண்டி. இது வாயத் தொறக்குதா பாரு. செத்த டப்பா. நான் சொன்னா நீ நம்பல."

அவள் பேசி முடிக்கும் வரை, முடித்த பிறகும், அது கத்திக்கொண்டே இருந்தது.

ஓரத்தில் நிறுத்தினேன். முப்பத்தைந்துக்குக் கீழே வந்ததும் பெட்டி தன் வேலையைச் செய்தது, சத்தம் நின்றது. அந்த அமைதியில் நான் பேச வேண்டியிருந்தது.

"ரோசலி. அது கத்துச்சு."

"எப்ப?"

"நீ பேசிட்டு இருந்தப்ப. அதுக்கு முன்னாடியே."

அவள் ஹில்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"நீ குதிக்கலியே" என்றாள்.

"என்னது?"

"நீ குதிச்சாத்தான நான் குறைப்பேன்? நீ அந்தப் பிடியப் புடிச்சா முன்னால ஆளு நிக்குதுன்னு அர்த்தம். அந்த டப்பாவ யாரு கேட்டா? சின்னதா ஏதோ முனகும், முதல்ல. அப்புறம் அதுவும் இல்ல. நீ இருக்கியேன்னு விட்டுட்டேன்."

அப்போது டிரென்ட் நடந்து வந்து ஜன்னலைத் தட்டினான். "டீட்ஸ் சார், ஒண்ணும் ஆகலியே? அம்பதுல வந்தீங்க. நீங்களா இவ்ளோ வேகமான்னு மிஷினத் தட்டிப் பாத்தேன்." ஒன்றுமில்லை என்றேன். அவன் ரோசலியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டுக்கொண்டு போய்விட்டான். நல்ல பிள்ளை.

நான் வியாழக்கிழமை விஷயத்தை அவளிடம் சொன்னேன். பதினாறு அழுத்தலையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வெகுநேரம் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மைலோ போன்ல பேசுறது ஒரு வருஷமாப் பாதிதான் புரியுது, ஆர்லோ. ஆமா ஆமான்னு சொல்லிட்டே இருந்தேன். ஆகஸ்டுல டாக்டர்கிட்டப் போனத ஏதோ சொன்னான். நல்லதாச் சொன்னானா, கெட்டதாச் சொன்னானான்னே தெரியல. நான் 'ரொம்ப சந்தோஷம்'னுட்டேன். அவன் அப்படியே பேசாம இருந்தான். திருப்பிக் கேக்க வெக்கமாப் போச்சு. அவன்மேல கோவமா இருந்தா போன எடுக்க வேணாம் பாரு."

ஆகவே, மைலோ, டாக்டர் என்ன சொன்னார் என்று காகிதத்தில், பெரிய எழுத்தில், அவள் பெயருக்கு எழுதுங்கள். இன்றே எழுதுங்கள். அவள் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். நான்தான் ஓட்டுகிறேன், திங்கள் இரவே கிளம்பினால் தேவலை என்கிறாள். இருபத்தாறாம் தேதி அவளுடைய இடப் பக்கம் உட்காருங்கள், அந்தக் காது பரவாயில்லை. பன்னிரண்டாவது தட்டு மேசைக்கு வந்துவிட்டது.

எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. பெட்டி மறுத்துவிட்டாலும் நினைத்தது நான். ஹில்டாவை ஊமையாக்கி அவளை எச்சரிக்கலாம் என்று நினைத்தவன், நான்தான் அவளுக்கு மூன்று வருடமாகச் சத்தமாக இருந்திருக்கிறேன் என்று தெரியாதவன். பல் பிடுங்கிய அன்று நான் வண்டியில் இல்லை. கண் அறுவை வாரம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை. அன்று மட்டும் வேண்டுமென்றே இல்லை. ஐந்தாவது குறிப்பைப் பற்றி இன்னும் எனக்கு ஒரு முடிவு வரவில்லை. ஆனால் நான்காவதில், பொத்தானால்தான் ரோசலி பிடிபட்டாள் என்று எழுதியது தவறு. விடை சரி, நிறுவல் தப்பு. டிரென்டுக்குக் கொடுத்த பாதி மதிப்பெண்தான் எனக்கும்.